இருப்பிடம் சொல்லாத எண்கள்

யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஆறாம் பதிப்பு 1975-இல் வெளிவந்தது. அதன் கர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் கருவுக்குள், முதன்மை முனையத்தில் செய்தி எழுதுவதற்கென்று ஒரு சிறு செயற்கூறு உண்டு. அது எழுதிக்கொண்டிருக்கும்போது கணிப்பொறியின் பிற அலுவல்கள் ஏறத்தாழ நின்றுபோகும். ஆதலால் இதை அரட்டைக்குப் பயன்படுத்தலாகாது என்று அதன் தலைப்பிலேயே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள். நிரலுக்குள் மனிதக் குரல் கேட்கும் இடங்களில் அது ஒன்று. கர்னல் பேசக்கூடாது. பேசினால், பேச வேண்டிய நேரமாக இருக்க வேண்டும்.

பேச வேண்டிய நேரம் என்பது பெரும்பாலும் சாகும் நேரம். எதிர்பாராத பிழை ஒன்றில் கர்னல் சிக்கிக்கொண்டால் சில எண்களை எட்டடிமானத்தில் எழுதிவிட்டு, 'பேனிக்' என்று அலறி நின்றுவிடும். அவ்வெண்களில் ஒன்று, பிழை நேர்ந்த கணத்தின் நிலைமை நினைவகத்தில் எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும் முகவரி. அதைக் கொண்டு மற்ற விவரங்களைத் தேடிப் பிடிப்பது எப்படி என்பதையும் நிரலின் குறிப்புரையே விளக்கியது. இறப்பவன் தன் பெட்டகம் இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டுக் கண்மூடுவதைப் போல.

அந்த முகவரி யார் கண்ணிலும் படலாம் என்பது குறித்து எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கவலையெல்லாம் நிரலைப் பற்றியே. சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர், ஆறாம் பதிப்பின் நிரல் முழுவதையும் வரி எண்ணிட்டு அச்சிட்டு, அதற்கொரு உரைநூலும் எழுதித் தம் மாணவர்களுக்குக் கொடுத்தார். நம் மரபில் மூலமும் உரையும் சேர்ந்து வருவதைப் போன்றதே அது. 1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிம விதிகள், நிரலை வகுப்பில் பாடமாக வைப்பதைத் தடை செய்தன. அதன்பின் ஏறத்தாழ இருபதாண்டுகள் அந்நூல் ஒளிநகலின் ஒளிநகலாகவே உலகெங்கும் கைமாறியது. முறையான அச்சுநூலாக வந்தது 1996-இல்தான். கிடைக்காத புத்தகங்களை ஒளிநகலில் படித்து வளர்ந்த சிற்றிதழ் வாசகர்களுக்கு இதன் சுவையை விளக்க வேண்டியதில்லை.

ஆக, அன்று நிரல் இரகசியம், முகவரி பகிரங்கம். லினக்ஸின் கதையில் இவ்விரண்டும் இடம் மாறிக்கொண்டன. இன்று நிரலை யாரும் தரவிறக்கிப் படிக்கலாம், ஆனால் முகவரியைக் காட்டலாகாது. இந்த இடமாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதையே இங்கு பார்க்க விழைகிறோம்.

*

சி மொழியில் எழுத்துகளை அச்சிடும் செயற்கூறுக்கு, எதை எவ்வடிவில் அச்சிட வேண்டும் என்று சொல்ல விழுக்காட்டுக் குறியையும் ஓர் எழுத்தையும் சேர்த்து எழுதுவார்கள். எண்ணுக்கு ஒன்று, சொல்லுக்கு ஒன்று. நினைவக முகவரிக்கு உரியது விழுக்காட்டுக் குறியும் 'பி' என்ற ஆங்கில எழுத்தும். பி என்பது சுட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. இதை '%பி' என்றே எழுதிச் செல்வோம். 1989-இன் சி தரநிர்ணயத்தில் இது இடம்பெற்றது.

1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கர்னலில் இந்தக் குறி காட்டுச்செடியாகப் பரவியது. காரணம் எளிது. கர்னலுக்குள் ஆயிரக்கணக்கான பொருட்கள் பிறந்து மறைகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் கிடையாது. இந்தப் பொருளைத்தான் சற்றுமுன் விடுவித்தோமா, இதையே மறுபடியும் தொடுகிறோமா என்று நிரலாளர் அறிய வேண்டுமானால், அதன் முகவரியை அச்சிட்டுப் பார்ப்பதே சுலபம். ஒரே நேரத்தில் இரு பொருட்கள் ஓரிடத்தில் இருக்க முடியாது அல்லவா? ஆகவே இருப்பிடமே பெயராகிவிட்டது. ஊர்ப்பெயரைச் சொல்லியே ஆளை அழைக்கும் நம் வழக்கம் போன்றது என்று கொள்ளலாம். பின்னர் வந்த சிக்கல் முழுவதற்கும் வேர் இதுதான் என்று எண்ணுகிறோம். நிரலாளருக்குத் தேவைப்பட்டது பெயர். அச்சானதோ முகவரி.

கர்னல் தடுக்கி விழும்போது வெளியிடும் அறிக்கைக்கு லினக்ஸில் 'ஊப்ஸ்' என்று பெயர். காலிடறியவர் வாயில் வரும் ஆங்கில ஒலிக்குறிப்பு. அந்த அறிக்கை முழுவதும் பதினாறடிமான எண்கள். தொடக்க ஆண்டுகளில், கணிப்பொறி உறைந்துபோனதால் அறிக்கையைச் சேமிக்க வழியின்றி, திரையைப் பார்த்துக் கையால் காகிதத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னது கர்னலின் ஆவணம். இயந்திரத்தை மறுபடி இயக்கியபின் அதைத் தட்டச்சு செய்து, எண்களைச் செயற்கூறுகளின் பெயர்களாக மாற்றித் தரும் இன்னொரு நிரலுக்கு ஊட்டி, கிடைத்ததை மடற்குழுவுக்கு அனுப்ப வேண்டும். முன்பின் அறியாத ஒருவர் அதைப் படித்து நோய் இன்னதென்று சொல்வார். ஓரெண் பிழையாக எழுதியிருந்தால் வைத்தியமும் பிழை. 2003-இன் இறுதியில் வந்த 2.6 வரிசையில் பெயர்ப்பட்டியல் கர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டு, ஊப்ஸ் தானே பெயர்களைச் சொல்லும்படி ஆனது. ஆயினும் எண்கள் பக்கத்திலேயே இருந்தன.

லினக்ஸ் வளர்ந்தது இந்த வெளிப்படைத்தன்மையால் என்றால் அது மிகையன்று. பயனர் எதையும் மறைக்காமல் எழுதியனுப்பிய அறிக்கைகளே அதன் மருத்துவக் குறிப்பேடு. மறைக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது மூத்த நிரலாளர்கள் சிலர் முகம் சுளித்ததற்கு இந்த நினைவும் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

*

முகவரி தெரிந்தால் என்ன கெட்டுவிடும்?

1988-இல் மாரிஸ் புழு இணையத்தில் பரவியபோது, ஒரு நிரலின் ஏட்டிடத்தை நிரப்பி வழியவிட்டு, அது அடுத்துச் செல்ல வேண்டிய முகவரியையே மாற்றி எழுதும் உத்தி உலகறியச் செயல்பட்டது. 1996-இல் ஃப்ராக் மின்னிதழின் 49-ஆம் இதழில் அலெஃப் ஒன் என்ற புனைபெயரில் வெளிவந்த கட்டுரை அதை எவரும் கற்கக்கூடிய கைத்தொழிலாக்கியது. இத்தொழிலில் அடிப்படைத் தேவை ஒன்றுதான். எங்கே தாவ வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். கர்னலில் ஒரு சிறு வழுவைக் கண்டுபிடித்து அதன் கட்டுப்பாட்டைத் திசைதிருப்பும் ஒருவர், தம் நிரலுக்கு முழு அதிகாரம் வழங்கும் செயற்கூறு எந்த முகவரியில் இருக்கிறது என்று அறிந்தால் கணிப்பொறி அவருடையது. அந்த முகவரியை லினக்ஸ் ஒரு கோப்பில் எழுதி எல்லோரும் படிக்கும்படி வைத்திருந்தது. கர்னலின் பெயர்ப்பட்டியல்தான் அது. கள்வன் வருவதற்கு முன்பே வீட்டு வரைபடத்தை வாசலில் மாட்டியது போல. 2010 வாக்கில் வெளியான தாக்குநிரல்கள் பல, முதல் வேலையாக அப்பட்டியலைத் திறந்து படித்தன.

அவ்வாண்டு நவம்பரில் ஒரு சிறு திருத்தம் லினக்ஸில் சேர்ந்தது. பெயர்ப்பட்டியலைத் தலைமைப் பயனர் மட்டும் படிக்கலாம் என்ற அனுமதி மாற்றம், அவ்வளவே. சில நாட்களில் ஒரு நிரலாளரின் கணிப்பொறி தொடங்க மறுத்தது. அதிலிருந்த பழைய உபுண்டுவின் பதிவேட்டு நிரல், பட்டியலைப் படிக்க முடியாமல் விழுந்து, அதற்காக முழு அமைப்பும் ஐந்து நிமிடம் காத்துக் கிடந்தது. பயனரின் இயங்கும் கணிப்பொறியை உடைக்கும் மாற்றம் எதுவானாலும் திரும்பப் பெறப்படும் என்பது டோர்வால்ட்ஸின் விதி. திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. ஒரு முறை திறந்து வைத்த கதவை மூடுவது எத்துணைக் கடினம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

அதே வேளையில் எழுந்த எதிர்வாதமும் வலுவானதே. ஒரே வெளியீட்டைப் பயன்படுத்தும் எல்லாக் கணிப்பொறிகளிலும் கர்னல் ஒரே முகவரியில்தான் அமர்கிறது. அந்த வெளியீட்டைத் தரவிறக்கிப் பிரித்துப் பார்த்தால் முகவரி தெரிந்துவிடும். இந்நிலையில் பட்டியலை மட்டும் மறைத்து என்ன பயன்?

2011-இன் தொடக்கத்தில் டான் ரோசன்பர்க் வேறொரு வழியைச் சேர்த்தார். '%பிகே' என்று ஒரு புதிய குறி. இதைக் கொண்டு அச்சிட்டால், படிப்பவருக்கு உரிய அதிகாரம் இருந்தால் முகவரியும், இல்லையெனில் சுழியங்களும் தோன்றும். இதை இயக்கவும் நிறுத்தவும் ஓர் அமைப்பு விசை. கிரெசெக்யூரிட்டி என்ற தனித் திருத்தத் தொகுப்பு முன்பே செய்துவந்த மறைப்பின் மென்மையான வடிவம் எனலாம்.

நல்ல எண்ணம். ஆனால் இதில் ஒரு நுட்பமான குறை இருந்தது. இலக்கிய வாசகர்கள் இதை விரும்புவார்கள் என்பதால் சற்று நின்று பார்ப்போம். படிப்பவர் யார் என்று பார்த்துக் காட்டுவதானால், எழுதப்படும் கணத்தில் படிப்பவர் எதிரே இருக்க வேண்டும். சில சிறப்புக் கோப்புகளின் வகையில் இது பொருந்தும். அவை திறந்து படிக்கும்போதே எழுதப்படுபவை. அங்குங்கூட ஒருவர் திறந்து இன்னொருவர் படிக்கும் தந்திரம் கண்டறியப்பட்டு 2013-இல் அடைக்க வேண்டி வந்தது. பதிவேட்டின் கதையோ வேறு. கர்னல் பதிவேட்டில் ஒரு வரி எழுதும்போது செயலியில் தற்செயலாக ஓடிக்கொண்டிருக்கும் நிரல் எதுவோ, அதன் அதிகாரமே சோதிக்கப்படும். நாளை அவ்வரியைப் படிக்கப்போகிறவர் யார் என்பது எழுதும் கணத்துக்குத் தெரியாது. எழுத்து பிறக்கும்போது வாசகன் இன்னும் வந்து சேரவில்லை என்ற பழைய உண்மையை இந்தக் குறி கணக்கில் கொள்ளவில்லை. குறுக்கீடுகளைக் கையாளும் இடங்களிலோ சோதிப்பதற்கு ஆளே இல்லை. அங்கு '%பிகே' ஒரு பிழைச்சொல்லை மட்டும் அச்சிட்டது.

இன்னொரு குறை மனிதர்களுடையது. ஒவ்வொரு நிரலாளரும் நினைவாக '%பி'-க்குப் பதில் '%பிகே' என்று எழுத வேண்டும். யார் எழுதினார்கள்?

*

2014-இல் லினக்ஸ் 3.14 வந்தபோது நிலைமை மாறியது. கீஸ் குக் முதலியோரின் முயற்சியால், ஒவ்வொரு முறை கணிப்பொறி தொடங்கும்போதும் கர்னல் வேறோர் இடத்தில் அமரும் வசதி சேர்ந்தது. பயனர் நிரல்களுக்கு இவ்வகை இடமாற்றத்தை பேக்ஸ் குழு 2001-இலேயே செய்து காட்டியிருந்தது, 2005-இல் அது லினக்ஸின் மைய மரபிலும் ஒரு வடிவில் நுழைந்தது. கர்னல் மட்டும் அதுவரை ஆணியடித்தாற்போல் ஓரிடத்தில் இருந்தது. 2017-இல், 4.12 பதிப்பில், எக்ஸ்86 செயலிகளுக்கு இடமாற்றமே இயல்புநிலையாயிற்று.

இப்போது முகவரி உண்மையிலேயே இரகசியமாகிவிட்டது. ஆனால் எவ்வளவு மெல்லிய இரகசியம்! 64 பிட் எக்ஸ்86-இல் ஒரு ஜிகாபைட் பரப்புக்குள், இரண்டு மெகாபைட் இடைவெளிகளில் கர்னல் அமரலாம். கணக்கிட்டால் அதிகபட்சம் 512 இடங்கள். மேலும், கர்னல் நகர்வது ஒரே துண்டாக. உள்ளே ஒவ்வொரு செயற்கூறும் மற்றதிலிருந்து எத்தனை தொலைவு என்பது மாறுவதில்லை, அந்த அளவு எல்லோர் கையிலும் இருக்கிறது. கட்டடத்தின் வரைபடம் பொதுவில் இருக்க, ஏதேனும் ஒரு தூண் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் கருவூலம் எங்கே என்பது வெறும் கழித்தல் கணக்கு. கிரெசெக்யூரிட்டியின் ஆசிரியர் பிராட் ஸ்பெங்லர் 2013-இலேயே இதைச் சடங்கு சார்ந்த பாதுகாப்பு என்னும் பொருளில் கடுமையாகச் சாடி எழுதினார். கடுமை அவர் இயல்பு. வாதம் தவறன்று.

ஆகவே எந்த ஒரு முகவரியும் கசியலாகாது என்றாகிவிட்டது. கசியும் இடங்களோ கணக்கற்றவை. 2016-இல் ஊப்ஸ் அறிக்கையின் அழைப்புத் தடத்திலிருந்து கர்னல் நிரலின் முகவரிகள் நீக்கப்பட்டு, செயற்கூறின் பெயரும் அதற்குள் எத்தனையாவது பைட் என்பதும் மட்டும் நின்றன. இது இழப்பே அல்ல. கர்னல் ஒவ்வொரு முறையும் இடம் மாறுவதால் பிழை தேடுபவருக்கு வெறும் முகவரி ஏற்கெனவே பயனற்றுப் போயிருந்தது. பயனற்றதும் ஆபத்தானதுமான ஒன்று போனது, அவ்வளவே. எஞ்சியது '%பி'.

2017-இன் இறுதியில் ஆஸ்திரேலிய நிரலாளர் டோபின் ஹார்டிங் இரு வேலைகளைச் செய்தார். முதலாவது, இயங்கும் கணிப்பொறியின் பதிவேட்டையும் சிறப்புக் கோப்புகளையும் துழாவி, முகவரி போன்ற தோற்றமுள்ள எண்களைப் பொறுக்கிக் காட்டும் ஒரு பெர்ல் சிறுநிரல். பலரும் அதைத் தத்தம் இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்து அதிர்ந்தார்கள். இரண்டாவது, இக்கட்டுரைக்குக் காரணமான மாற்றம். கர்னலில் வெறும் '%பி' ஏறத்தாழ 14,000 இடங்களில் இருப்பதாக அவர் தம் குறிப்பில் எழுதினார். ஒவ்வொன்றையும் திருத்துவது மனித வாழ்நாளில் ஆகாத காரியம். '%பிகே'-யின் வழி பலிக்கவில்லை என்பதில் டோர்வால்ட்ஸும் வெளிப்படையாகவே இருந்தார். ஆகவே எழுதப்பட்டவற்றைத் தொடாமல் குறியின் பொருளையே மாற்றிவிட்டார்கள். 4.15 பதிப்பு முதல் '%பி' முகவரியை அச்சிடாது. முகவரியை ஹாஷ் என்னும் கலக்கலுக்கு உட்படுத்தி, வரும் எண்ணை அச்சிடும்.

கலக்குவதற்கு எடுத்துக்கொண்டது சிப்ஹாஷ். ஜான் ஃபிலிப் ஒமாசோனும் டேனியல் பெர்ன்ஸ்டைனும் 2012-இல் வெளியிட்ட முறை. கணிப்பொறி தொடங்கியபின் ஒரு முறை தற்செயலாகத் தேர்ந்த இரகசியத் திறவுகோல் ஒன்று உள்ளே வைக்கப்படும். அதனோடு முகவரியைக் கலந்தால் வரும் எண்ணிலிருந்து முகவரியை மீட்க முடியாது. 64 பிட் இயந்திரத்திலும் விடையை 32 பிட்டாகக் குறுக்கி, முன்பாதியில் சுழியங்களை நிரப்பினார்கள். உண்மை முகவரி என்று யாரும் மயங்காதிருக்க அது ஓர் அடையாளம்.

இதில் நாம் வியப்பது, என்ன மறைந்தது என்பதைவிட என்ன மறையவில்லை என்பதைத்தான். ஒரே முகவரிக்கு, கணிப்பொறி மறுபடி தொடங்கும் வரை, ஒரே ஹாஷ். பதிவேட்டில் பத்தாம் வரியில் வந்த எண் நூறாம் வரியிலும் வந்தால் அது அதே பொருள்தான் என்று நிரலாளர் இப்போதும் சொல்லலாம். இருப்பிடம் போயிற்று, அடையாளம் தங்கிற்று. முன்பு முகவரி பெயராக நடித்துக்கொண்டிருந்தது. இப்போது அதிலிருந்து பெயரை மட்டும் பிரித்தெடுத்துவிட்டார்கள். ஆப்பிளின் எக்ஸ்என்யூ கர்னலில் முகவரியோடு ஓர் இரகசிய எண்ணைக் கூட்டிக் காட்டும் முறை இருந்தது. அங்கும் அடையாளம் தங்கும். ஆனால் ஒரேயொரு உண்மை முகவரி வெளிப்பட்டால் கூட்டிய எண் தெரிந்து அனைத்தும் அவிழும். கலக்கலில் அந்த ஆபத்தில்லை.

*

எதிர்ப்பு வராமலில்லை. முகவரி உண்மையாகவே தேவைப்படும் இடங்களுக்காக '%பிஎக்ஸ்' என்ற குறி அதே பதிப்பில் சேர்க்கப்பட்டது. அது ஒளிவுமறைவின்றி முகவரியை அச்சிடும். முன்பு மறைப்பதற்குத் தனிக்குறி வேண்டியிருந்தது, இப்போது காட்டுவதற்கு. தேடினால் உடனே அகப்படும் என்பதால், அதை எழுதியவர் ஏன் எழுதினோம் என்று விளக்கும் கட்டாயத்துக்கும் உள்ளானார்.

கணிப்பொறி தொடங்கும் முதல் நொடிகளில் வேறொரு சங்கடம் நேர்ந்தது. திறவுகோலுக்குத் தேவையான தற்செயல் அப்போது சேர்ந்திருக்காது. அதுவரை எல்லா முகவரிகளுக்கும் ஒரே பொதுச்சொல்லையே அடைப்புக்குறிக்குள் அச்சிட்டார்கள். இருப்பிடமும் இல்லை, அடையாளமும் இல்லை. தொடக்க நிலைப் பிழைகளைத் தேடுவோர் நொந்துபோனார்கள். 2018-இல், செயலியிலேயே தற்செயல் எண் தரும் வன்பொருள் இருந்தால் அதைக் கொண்டு முன்கூட்டியே திறவுகோல் அமைக்கும் திருத்தமும், இல்லாத இயந்திரங்களில் பிழைதேடும் பொருட்டு வலுக்குறைந்த கலக்கலை ஏற்கும் ஒரு தொடக்க விருப்பமும் வந்தன.

வேடிக்கையானது சுழியத்தின் கதை. எங்கும் சுட்டாத சுட்டியின் மதிப்பு சுழியம். ஒரு கட்டத்தில் அதையும் கலக்கி அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். பதிவேட்டில் சுழியத்தைக் கண்டால் நிரலாளருக்குப் பாதிக் காரணம் விளங்கிவிடும். அந்த உதவி போயிற்று. 2020-இல் ஒருவர் இதைத் திருத்தியபோது சொன்ன காரணம் நேர்த்தியானது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் '%பி' இருக்க, அடிக்கடி வரும் எண் சுழியத்தின் ஹாஷ்தான் என்று தாக்குபவர் விரைவில் ஊகித்துவிடுவார். மறைத்துப் பயனில்லை. ஒன்றுமில்லை என்பதை மறைக்க முயன்றவர்கள் தோற்றார்கள்.

4.15 பதிப்பு 2018 ஜனவரி 28 அன்று வெளியானது. வழக்கத்தைவிடத் தாமதம். அம்மாதத் தொடக்கத்தில் மெல்ட்டவுன் என்னும் செயலிக் குறைபாடு உலகுக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. சாதாரணப் பயனர் நிரல் கர்னலின் நினைவகத்தையே படிக்க வழிவகுத்த குறைபாடு அது. முகவரியை 14,000 இடங்களில் ஒருசேர மூடிய அதே பதிப்பு, சுவர் வழியே உள்ளே பார்க்க முடிகிறது என்ற செய்திக்கு நடுவில் வெளிவந்தது. அதற்கான மாற்று ஏற்பாடு, கிராட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கர்னலின் இடமாற்ற இரகசியத்தைக் காக்கவென்று 2017-இல் முன்வைத்த திட்டத்திலிருந்து பிறந்தது. அதுவும் இதே பதிப்பில் சேர்ந்தது. இதைக் கேட்டபின், ஹாஷ் வீண்வேலையோ என்று தோன்றலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. பதிவேட்டைப் படிப்பதற்குச் செயலியின் நுட்பம் எதுவும் அறிந்திருக்க வேண்டியதில்லை. எழுத்தறிவு போதும். அந்த வழி அடைபட வேண்டியதே.

2021-இல் 5.12 பதிப்போடு, கலக்கலை முழுவதும் நிறுத்தும் தொடக்க விருப்பம் ஒன்று வந்தது. பிழைதேடும் நிரலாளர் தம் சோதனை இயந்திரத்தில் அதைச் சேர்த்துக்கொண்டால் '%பி' பழையபடி உண்மை முகவரிகளைக் காட்டும். ஆனால் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் கர்னல் பதிவேட்டில் நட்சத்திரக் குறிகளால் கட்டம் கட்டி, அறிவிப்பு என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப இட்டு, பல வரிகளுக்கு ஓர் எச்சரிக்கை எழுதும். இந்தக் கணிப்பொறி நினைவக முகவரிகளை மறைக்காமல் காட்டுகிறது, நீங்கள் கர்னலில் பிழை தேடிக்கொண்டிருக்கவில்லையென்றால் உடனே உங்கள் நிர்வாகியிடம் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். அரட்டை கூடாது என்று சொல்லப்பட்ட கர்னல் அத்தனை வரிகள் பேசுகிறது. இன்றைய கர்னல் ஆவணமோ புதிதாக '%பி'-யை எழுதவே வேண்டாம், செயற்கூறானால் அதன் பெயரை அச்சிடுங்கள் என்கிறது. பழைய '%பி'-கள் ஆயிரக்கணக்கில் இன்னும் நிரலுக்குள் கிடக்கின்றன. அவற்றை எழுதியவர்களுள் பலர், தாம் எழுதிய குறி இப்போது வேறொன்றை அச்சிடுகிறது என்பதை அறிந்திருக்கவும் மாட்டார்கள்.